மாத்திரையோடு சேர வேண்டிய மற்ற சிகிச்சைகள்: வேலூர் வட்டாரத்தில் மனநல சிகிச்சையைத் தொடங்குவோருக்கு

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து உடல் தேறி வந்த நேரத்தில், மனம் தேறவில்லை. சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது, தெருவாசலுக்கு வருவதுகூட நின்றுவிட்டது. பரிசோதித்த மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இதோடு பேச்சு சிகிச்சையும், அதாவது உளவியலாளரோடு முறையாகப் பேசிப் பெறும் சிகிச்சையும், கட்டாயம் வேண்டும் என்றார். அதை எங்கே பெறுவது, யாரிடம் பெறுவது, என்ன செலவாகும், எத்தனை மாதம் பிடிக்கும் என்று சொல்ல ஆளில்லாமல் குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் இடையே நாங்கள் வெகுவாக அலைந்தோம். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருந்தில்லா சிகிச்சைகள் பெரும்பாலும் முதல் நாளில் கைவிடப்படுவதில்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில், பஸ் செலவும் கூலி இழப்பும் வீட்டு வேலையும் ஒன்றாகச் சேர்ந்து நெருக்கும்போதுதான் கைவிடப்படுகின்றன. ஆகவே கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் முதல் நாளுக்காகச் செய்யாமல், 12 வாரத்துக்கென்று திட்டமிட்டுச் செய்யுங்கள்.

1. அவசரமா, காத்திருக்கலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நோயாளி சாக வேண்டும் என்று பேசினாலோ, அதற்கான வழியைத் தேடுவதாகத் தோன்றினாலோ, சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் மறுத்தாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, பல நாள் உறங்காமல் அளவுக்கு மீறிய வேகத்தில் நடந்துகொண்டாலோ, பேச்சு சிகிச்சைக்கு நேரம் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் இப்போதே சேமித்து வையுங்கள்.

நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பூச்சிமருந்தை அன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும். மாத்திரை அட்டைகளை ஒருவர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை நோயாளியிடம் மறைத்துச் செய்ய வேண்டியதில்லை. "கொஞ்ச நாளைக்கு நானே எடுத்துத் தரேம்மா" என்று அன்பாகச் சொன்னாலே போதும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, வேறாக நிரூபிக்கப்படாத வரை, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனையில் தகவல் பதிவு செய்வார்கள். அதற்காகத் தயங்கி நிற்காதீர்கள்.

2. உடல் காரணங்களைப் பார்த்துவிடுங்கள்

தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, கட்டுக்குள் வராத சர்க்கரை, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கலாம், அல்லது இருக்கும் மனச்சோர்வை மேலும் மோசமாக்கலாம். ஸ்டீராய்டு மருந்துகளும் மனநிலையை மாற்றும். எந்தெந்தச் சோதனை தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும். சமீபத்தில் எடுத்த முடிவுகள் கையில் இருந்தால் மறுபடி எடுக்கும் செலவு மிஞ்சும்.

எங்களைப் போல மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வருகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளி டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதை மனநல மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

3. எந்த நிலைக்கு எந்தச் சிகிச்சை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மக்கள் எல்லாவற்றையும் பொதுவாகக் கவுன்சலிங் என்றே சொல்கிறார்கள். ஆறுதல் சொல்வதும் அறிவுரை கூறுவதும் சிகிச்சை ஆகிவிடாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு முறையும், அமர்வுகளின் எண்ணிக்கையும், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியும் உண்டு.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகமாகப் பயன்படுவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சி.பி.டி. என்று கேட்டால் எல்லா மனநலப் பிரிவுகளிலும் புரிந்துகொள்வார்கள். வாரம் ஒரு முறை, 45 முதல் 60 நிமிடம், பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் நடக்கும். மனத்தில் தானாக எழும் எண்ணங்களைப் பிடித்து, அவை எந்த அளவு உண்மை என்று சோதித்துப் பார்க்கவும், அந்த எண்ணங்களால் நின்றுபோன செயல்களைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கவும் இதில் பழக்குகிறார்கள்.

இதன் எளிய வடிவம், செயல்களை மட்டும் கையில் எடுத்துக்கொள்வது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்பது அதன் பெயர். மனம் சரியானால் எழுந்து வேலை செய்வேன் என்று நோயாளி காத்திருக்கிறார். இச்சிகிச்சையோ முதலில் ஒரு சிறு வேலையைச் செய்ய வைத்து, அதன் வழியே மனநிலையை உயர்த்தப் பார்க்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் இந்த முறையைக் கொடுத்தபோது, கடும் மனச்சோர்வு உடையவர்களுக்கும் பலன் கிடைத்தது. அந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது. பெரிய மருத்துவமனைக்கு அடிக்கடி வர முடியாத கிராமத்துக் குடும்பங்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையைத் திரும்பத் திரும்பக் கழுவுதல், பூட்டைத் திரும்பத் திரும்பச் சோதித்தல் போன்ற ஓ.சி.டி. தொல்லைக்கு, அச்சம் தரும் சூழலை எதிர்கொண்டு அந்தச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் தனிச் சிகிச்சை உண்டு. இ.ஆர்.பி. என்று பெயரிட்டே கேளுங்கள், ஏனென்றால் பொதுவான ஆறுதல் பேச்சு இந்த நோய்க்குப் போதாது. தூக்கமின்மைக்குரிய நடத்தை சிகிச்சை 4 முதல் 8 அமர்வுகளில் முடிந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூங்குவதற்கு மட்டும் படுக்கையைப் பயன்படுத்துவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்வது, தூக்கக் குறிப்பு எழுதுவது ஆகியவை அதன் அடிப்படை. இருமுனை மனநோய் (அளவு மீறிய வேகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களுக்குப் படுக்கும் நேரத்தைக் குறைக்கும் பகுதி ஆபத்தாகலாம் என்பதால், அவர்கள் மருத்துவர் பார்வையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனை மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து அவசியம். அவற்றில் குடும்பத்துக்கான கல்வி, அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் தொழில்வழி சிகிச்சை, வேலைக்குத் திரும்பும் பயிற்சி ஆகியவை மருந்தோடு சேர்ந்து நோய் திரும்பி வருவதைக் குறைக்கின்றன. பேச்சு சிகிச்சை தொடங்கிவிட்டது என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. மனச்சோர்வு மாத்திரையைக்கூட மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

நடைப்பயிற்சியும் யோகாவும் துணைச் சிகிச்சைகளாக நல்ல பலன் தருபவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கும்போதே விசாரியுங்கள். நீண்ட நேரத் தியானம் மட்டும் எல்லோருக்கும் ஏற்றதன்று. குரல்கள் கேட்பவர்களுக்கும், கொடும் சம்பவங்களின் நினைவால் அவதிப்படுபவர்களுக்கும் அது தொல்லையைக் கூட்டலாம். மருத்துவரைக் கேட்காமல் அவர்களைத் தியான முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

ஷாக் என்று ஊரில் சொல்லும் மின்அதிர்வு சிகிச்சையும் மருந்தில்லா சிகிச்சைதான். அதைப் பற்றி ஊரில் உலவும் பயம் மிகப் பெரியது. உயிருக்கு ஆபத்தான கடும் மனச்சோர்வில் அது விரைந்து உதவும், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. மருத்துவர் பரிந்துரைத்தால் எழுந்து ஓடாமல், கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

4. எங்கே போவது

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர்க்காரர்கள் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற இது தடையில்லை என்றாலும், மாற்றுத்திறனாளி சான்றுக்குப் பொதுவாக உங்கள் மாவட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

முதலில் உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். இத்திட்டக் குழு குறித்த நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வந்துபோகும். பலருக்கும் இது தெரியாததால், பக்கத்திலேயே கிடைப்பதற்காக வேலூர் வரை போய்வருகிறார்கள். மருந்தையும் மாதாந்திரப் பரிசோதனையையும் இங்கே வைத்துக்கொண்டு, பேச்சு சிகிச்சைக்கு மட்டும் வேலூர் செல்வது நல்ல ஏற்பாடு.

வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவு காலை வேளையில்தான் இயங்கும்; தாமதமாகப் போனால் அந்த நாள் வீண். முதல் நாள் மனநல மருத்துவரைப் பார்த்து, உளவியலாளருக்கான பரிந்துரையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த வாரம் பணியில் இருக்கும் வேறொருவருக்குத் தெரியாது.

சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் நகரத்துக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனையில் இறங்கி, வரிசையில் நின்ற பிறகே இதை அறிகிறார்கள். காட்பாடியிலிருந்து நகரம் வழியாகப் பாகாயம் செல்லும் டவுன் பஸ்கள் அடிக்கடி உண்டு. பதிவின்போது ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வகை இருக்கும். இரண்டுக்கும் கட்டணம் வேறு, காத்திருக்கும் நேரமும் வேறு. அதைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். அங்கே உள்நோயாளியாகச் சேர்ந்தால் குடும்பத்தார் ஒருவர் உடன் தங்குவது வழக்கம், ஆகவே யார் தங்குவது, அவருடைய வேலைக்கு யார் ஈடு செய்வது என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கணியம்பாடி ஒன்றியத்தார் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி.யின் சமுதாய நல மருத்துவமனையான சாட்டிலும், கே.வி.குப்பம் ஒன்றியத்தார் சி.எம்.சி.யின் கிராம நல மையமான ருசாவிலும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தில் மனநோய் கண்டவர்களைச் சோளிங்கருக்கு அழைத்துச் சென்று தக்கான் குளத்தில் நீராட்டி, ஆஞ்சநேயரை வணங்கச் செய்வது வழக்கம், தர்காக்களுக்கும் செல்வார்கள். போவது தவறு என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்ல மாட்டார். மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள், அமர்வு நாளைத் தவறவிடாதீர்கள். எந்த இடத்திலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைக்க அனுமதிக்காதீர்கள்; மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு அதை முற்றாகத் தடை செய்கிறது.

5. எல்லாம் ஒரே கோப்பில்

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், சமீபத்திய இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார் நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் நகல், தனியார் காப்பீடு இருந்தால் பாலிசித் தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். மாத்திரைப் பெயர் எழுதத் தெரியாதவர்கள் காலி அட்டைகளையே கொண்டுபோகலாம், அதுவே நம்பகமானது.

இவற்றைவிடப் பயன்பட்டது நாங்கள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, இதற்கு முன் இப்படி வந்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா, தூக்கமும் பசியும் எப்படி, எந்தச் சிகிச்சைக்கு என்ன பலன் என்று தேதி வரிசையில் எழுதினால், முதல் சந்திப்பில் நினைவுபடுத்திக்கொள்வதில் போகும் நேரம் மிஞ்சும். பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு முறையும் ஒரே மருத்துவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, ஆகவே அந்தக் குறிப்பே தொடர்ச்சியைக் காப்பாற்றும்.

தோல் தொழிற்சாலைகளிலும் காலணி நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்தில் முதலில் பதிந்து, பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவச் சான்று முறையாக இருந்தால் விடுப்புக் காலத்துக்கு நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அந்தச் சான்றை வாரம் தாமதித்து வாங்க முயன்றால் சிக்கல்தான். நோயாளியாகச் சென்ற அன்றே கேட்டு வாங்குங்கள்.

6. செலவை மொத்தமாகக் கணக்கிடுங்கள்

ஓர் அமர்வின் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் பெரும்பாலோர் விழும் குழி. கட்டணத்தோடு இருவருக்கான பஸ் செலவு, வெளியே சாப்பிடும் செலவு, உடன் வருபவர் இழக்கும் கூலி ஆகியவற்றைக் கூட்டி, அதை 12-ஆல் பெருக்குங்கள். வரும் தொகை கையில் இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். பாதியில் நிற்பதைவிட அரசு மருத்துவமனையில் முழுமையாக முடிப்பது எவ்வளவோ மேல்.

அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்குக் கட்டணமில்லை. நான் விசாரித்த தனியார் உளவியலாளர்கள் ஓர் அமர்வுக்கு 500 முதல் 1,500 ரூபாய் வரை கேட்டார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நோயாளியும் துணைக்கு வருபவரும் பெண்களாக இருந்தால் நகரத்துக்குள் போக்குவரத்துச் செலவு இல்லாமலே முடியும். முதல் அமர்வுகள் முடிந்த பின் சிலவற்றைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். நாங்கள் ஒரு வாரம் நேரில், ஒரு வாரம் வீடியோவில் என்று மாற்றிக்கொண்டதால்தான் கடைசி வரை தாக்குப் பிடிக்க முடிந்தது.

உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவுக்கே பணம் தருபவை. புறநோயாளியாக வாரந்தோறும் செல்லும் அமர்வுகளுக்குப் பாலிசியில் தனியாக இடம் இருக்க வேண்டும். ரசீதுகளை எப்படியானாலும் சேர்த்து வையுங்கள்.

எங்களிடம் ஓர் ஆலோசனை மையத்தில் மொத்த அமர்வுகளுக்கும் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். இரண்டு அமர்வுகள் முடியும் முன் அப்படிக் கட்டாதீர்கள். சிகிச்சையாளரோடு நோயாளிக்கு மனம் ஒட்டுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

7. சிகிச்சையாளரிடம் இவற்றைக் கேளுங்கள்

மருத்துவ உளவியலாளர் என்று தம்மைச் சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. எண் என்று கேட்டால் சொல்வார்கள். மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர்களும், ஒரே அமர்வில் ஹிப்னாடிசத்தால் குணமாக்குவதாக விளம்பரம் செய்பவர்களும் நம் ஊர்களில் நிறைய இருப்பதால், எண்ணைக் கேட்பதில் கூச்சப்படாதீர்கள். மனநல சமூகப் பணியாளர்களும் தொழில்வழி சிகிச்சையாளர்களும் இந்தக் குழுவில் முக்கியமானவர்கள். அவர்களிடம் அனுப்பினால் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம்.

பயிற்சி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்கள் அமர்வை நடத்துவார்கள். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். அவர்கள் தரும் நேரமும் கவனமும் பல சமயம் அதிகம். மொழிதான் இங்கே பெரிய விஷயம். வேலூரில் படிக்க நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். வயதான நம் வீட்டுப் பெண்மணிக்கு மொழிபெயர்ப்பாளர் வழியே மனம் திறக்க வராது. தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று பதிவின்போதே சொல்லுங்கள். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்தார் உருதுவிலும், ஆந்திர எல்லை ஊர்க்காரர்கள் தெலுங்கிலும் பேச வசதி உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

8. அறைக்குள் யார் இருக்க வேண்டும்

முதல் சந்திப்பு நீளமானது. குடும்பத்தாரிடம் தனியாகவும் நோயாளியிடம் தனியாகவும் பேசுவார்கள். அதன்பின் பெரும்பாலான அமர்வுகள் நோயாளிக்கு மட்டுமே உரியவை. உள்ளே என்ன பேசினாய் என்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் விசாரிக்கும் பழக்கம் சிகிச்சையைக் கெடுத்துவிடும். நோயாளியின் தகவலை இரகசியமாக வைத்திருக்கும் கடமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் சிகிச்சையாளருக்கு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் குடும்பத்தாரிடம் சொல்வார். நோயாளி விரும்பினால் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் துணைக்கு வந்தவரை உள்ளே அழைக்கச் சொல்லலாம். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த வாரத்து வீட்டுப்பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

9. வீட்டுப்பாடம்தான் சிகிச்சையின் பெரும்பகுதி

வாரத்தில் ஒரு மணி நேரம் அறையில் நடப்பது, மற்ற ஆறு நாளும் வீட்டில் நடந்தால்தான் நிலைக்கும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று நாங்களே முதலில் கலங்கினோம்.

உளவியலாளர் கேட்டது எளியது: ஒவ்வொரு நாளும் அம்மா செய்த வேலைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் அப்போதைய மனநிலையை 0 முதல் 10 வரை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுத வராது, எண்ணால் மனத்தைச் சொல்வதும் புதிது. "மனசுக்கு இன்னாம்மா நெம்பரு?" என்றாள். உளவியலாளர் அதற்கு ஒரு வழி சொன்னார். பத்துப் புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்தோம். ஒரு வேலை முடிந்ததும், மனம் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அத்தனை கொட்டைகளை அம்மா டம்ளருக்கு மாற்றுவாள். அதை எண்ணி, அன்றைய டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் மகள் எழுதுவாள். காலையில் படுத்தே கிடந்தது 1, வாசல் தெளித்தது 3, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டது 5, அத்தை வந்து பேசிக்கொண்டிருந்தது 4, டிவி முன் உட்கார்ந்திருந்தது 2 என்று ஒரு தாள் இருந்தது. ஒரு வாரத் தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, எது மனத்தைத் தூக்குகிறது, எது அமிழ்த்துகிறது என்பது அம்மாவுக்கே தெரிந்தது. அடுத்த வாரத்துக்குத் தழை ஒடிக்கும் வேலையைக் காலையிலேயே வைத்தோம்.

வேலையை மிகச் சிறியதாகத் தொடங்குங்கள். தினமும் அரை மணி நடக்க வேண்டும் என்று முதல் நாளே வைத்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். தெருமுனை வரை என்று வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைச் சில மாதங்களில் எட்டினால் போதும். நம் ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் விடிந்த உடனே நடந்து முடித்துவிட வேண்டும். வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றியுள்ள இடம் காலை நடைக்கு ஏற்றது, துணைக்கு ஆட்களும் இருப்பார்கள்.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பெரும்பாலும் ஜே.பி.எம்.ஆர். என்ற பெயரில் சொல்லிக் கொடுப்பார்கள். கால் விரலில் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு தசைத் தொகுதியையும் சில விநாடிகள் இறுக்கி, பின் மெதுவாகத் தளர்த்த வேண்டும். சிகிச்சையாளர் சொல்வதை அவருடைய அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்து, இரவில் அதே குரலில் கேட்கச் செய்யுங்கள். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்தையும் வலியுள்ள மூட்டையும் இறுக்காமல் விட்டுவிட வேண்டும்; இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டார் இரண்டு காரியங்களைச் செய்யக் கூடாது. நோயாளிக்கென்று குறித்த வேலையை இரக்கப்பட்டுத் தாமே செய்துவிடக் கூடாது. செய்யாத நாளில் திட்டவும் கூடாது. அன்றைய தாளில் வெறுமனே கோடு போட்டுவிட்டு அடுத்த நாளைத் தொடங்குங்கள். எங்களுக்கு முதலாவதுதான் மிகக் கடினமாக இருந்தது.

படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகளுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையாளரும் வலிநிவாரணப் பராமரிப்பு செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். உடல் சற்று அசைந்தாலே மனமும் அசையத் தொடங்கும் நோயாளிகள் உண்டு.

10. ஆறாவது வாரத்தில் அளந்து பாருங்கள்

பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட அளவுகோலின் மதிப்பு 0 முதல் 27 வரை. தொடக்கத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். கொஞ்சம் தேவலை என்ற பொதுவான பதிலைவிட இது தெளிவானது. அதன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்பது. மொத்த மதிப்பெண் குறைந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கான பதில் கூடியிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரமாகியும் அசைவே இல்லையென்றால் சிகிச்சை முறையையோ மருந்தையோ சிகிச்சையாளரையோ மாற்றுவது பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். சொல்லாமல் வராமல் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம். அதனால் அதுவரை செய்ததெல்லாம் பதிவில்லாமல் போகிறது. இடத்தை மாற்றினால் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்குங்கள். தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு நோயாளிக்குத் தருகிறது.

11. முடிக்கும் போது

நல்ல சிகிச்சையாளர் திடீரென்று நிறுத்த மாட்டார். வாரம் ஒன்று என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு மாதம் ஒன்றாகும். கடைசி அமர்வில் மூன்றை எழுதி வாங்குங்கள்: நோய் திரும்புவதற்கான முதல் அறிகுறிகள் எவை, அப்போது வீட்டில் உடனே செய்ய வேண்டியவை எவை, யாரை அழைப்பது. எங்கள் தாளில் முதல் அறிகுறியாக "இரண்டு நாள் தொடர்ந்து வாசல் தெளிக்கவில்லை" என்று இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இது வேறாக இருக்கும், ஆகவே அச்சடித்த பொதுப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

நோய் நீண்டு, வேலையையும் அன்றாடத்தையும் தொடர்ந்து பாதித்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ் சான்று பெறலாம். ஐடியாஸ் என்ற அளவுகோலால் மதிப்பிட்டு, பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி கிடைக்கும். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, சிகிச்சைப் பதிவுகள் வேண்டும். தொடர் சிகிச்சையின் சீட்டுகள் எல்லாம் வரிசையாக இருந்தால் மதிப்பீடு எளிதாகும் என்பதால், முதல் நாள் திறந்த அந்தக் கோப்பை, நோய் தெளிந்த பிறகும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.